ஓட்டை போடாத சுவர்

சென்ற வாரம் பெரியவளைத் தங்கை வீட்டு வாசலில், அழைப்பு மணியில் விரலை வைத்தபடி நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கால் வலிக்கும். உள்ளே விடுவோம்.

அதற்கு முன்னால், புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவள் தையல்காரி. வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். சின்னவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. இவர்களின் அப்பா முப்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டியவர். அம்மா போன பிறகு, ஒன்பது வருஷமாக மூத்த மகளோடுதான் இருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் குளியலறையில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

"சோப்பு வழுக்கிடுச்சு டாக்டர்" என்று பெரியவள் ஆஸ்பத்திரியில் முந்திக்கொண்டு சொன்னாள். அப்பாவும் வலியில் தலையை ஆட்டிவைத்தார். உறவு முழுக்க அதையே நம்புகிறது.

சோப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். கம்பி சுவரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அதோடு போனாலும் பரவாயில்லை. சின்னவளின் புருஷன் கண்ணாடிக் கடைக்காரர். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே கனமான எஃகுக் கைப்பிடி ஒன்றை ஸ்க்ரூக்களோடு வாங்கி வந்து, "மாமாவுக்கு பாத்ரூம்ல மாட்டிடுங்க அண்ணி" என்று கொடுத்திருந்தார். பெரியவள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரண் மேல் ஏற்றிவிட்டாள். என் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்ல இவர் யார்? அந்த எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது சின்னவள் தன் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்த மறுநாள் அப்பா அவள் வீட்டுக்குப் போகிறார். "உன் வீட்ல அவருக்குப் பாதுகாப்பில்லக்கா" என்று சொல்லிவிட்டாள். அதற்கு எதிராக வாயைத் திறக்க முடியாத நிலைமையில் இருக்கிறாள் அக்கா.

இவ்வளவுதான் கதை. கதவு திறக்கிறது.

"வந்துட்டியாக்கா! நல்ல வேளை." சின்னவள் ஒரு காலில் செருப்பும் கையில் இன்னொரு செருப்புமாக நின்றாள். "சாவி மேஜை மேல இருக்கு. மேஸ்திரி உள்ள இருக்காரு. இன்னிக்கோட முடிச்சிடுவாரு. நீ சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"சும்மா உட்கார நான்தான் கிடைச்சேனா? எனக்கு அறுபது சட்டை தைக்கக் கிடக்குடி."

"நான் என்ன பண்றது? ஆளில்லாத வீட்ல வேலை செய்ய மாட்டேங்கறாரு அந்த மனுஷன். ஒரு நாள்தானேக்கா, அப்பாவுக்காக."

அப்பாவுக்காக! அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் அக்கா மறு பேச்சுப் பேசமாட்டாள் என்பது சின்னவளுக்குப் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரியும். அவள் போய்விட்டாள். சென்ட் வாசனை மட்டும் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றது.

பெரியவள் பையை வைத்துவிட்டு நேரே அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறைக்குத்தான் போனாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள்.

கிழக்குப் பக்கம் ஜன்னல். உயரம் குறைந்த கட்டில், அப்பாவின் கால் தரையில் பதிகிற மாதிரி. தலைமாட்டில் ஒரு பித்தான். அமுக்கினால் கூடத்தில் மணி அடிக்கும். ரேடியோ வைக்க ஒரு பலகை. மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நல்ல மெத்தைதான். அவள் வீட்டில் அப்பா படுப்பது தையல் மிஷினுக்குப் பக்கத்தில், வெட்டுத் துணி மூட்டைகளுக்கு நடுவில்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் போவதில்லை. ஒன்பது வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார், சளி பிடித்தால் விடிய விடிய விழித்தது யார்? பண்டிகை விருந்தாளி மாதிரி வந்து போனவள் ஒரு கட்டிலையும் ஒரு மணியையும் வைத்து அப்பாவை வாங்கிக்கொண்டு போகப் போகிறாள்.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவ்வளவுதான். இருக்கீங்களான்னு அப்பப்ப கேட்பேன். பதில் சொன்னா போதும்."

மேஸ்திரியை அந்தத் தெருவில் எல்லோரும் ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற அந்தக் கருவி இல்லாமல் அவர் ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டார். ஒல்லியான ஆள், ஐம்பது வயசுக்கு மேலே. மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, காலில் கனத்த பூட்ஸ். குளியலறைக்குள் விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி நின்றார்.

"ஆளில்லாம வேலை செய்ய மாட்டீங்களாமே, பயமா?" என்றாள் பெரியவள். வாயில் இருந்த எரிச்சலை யார்மேலாவது துப்ப வேண்டியிருந்தது.

"பயம்தான்மா. உள்ள வழுக்கி விழுந்தேன், இல்ல ஷாக் அடிச்சுதுன்னு வைங்க. கத்தினா கேக்கறதுக்கு ஒரு காது வேணாமா? தனியா பாத்ரூம் வேலை பார்த்த ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேருமே இப்ப வேலை பார்க்கறதில்ல."

ரசமட்டம் கையை நீட்டி மெயின் பலகையைக் காட்டினார்.

"கீசர் லைனை மெயின்லயே நிறுத்திட்டேன். சுவிட்சு மேல சிவப்பு டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க, அதை நான் பிரிக்கற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. உங்க தங்கச்சி இந்த மூலையில ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா வச்சிருந்தாங்க. ஒண்ணை பால்கனிக்குக் கொண்டு போயிட்டேன். அது ரெண்டும் கலந்தா வர்ற புகைக்கு மூச்சு நின்னுடும்."

"அவ அப்படித்தான்." பெரியவளுக்கு மனசு லேசாகக் குளிர்ந்தது. "எல்லாத்தையும் வாங்குவா. எதை எங்க வைக்கணும்னு தெரியாது."

"ஆனா டைல்ஸ் எடுத்தாங்க பாருங்க, கண்ணு படும்."

குளிர்ந்தது மறுபடி சுட்டது. படத்தான் செய்தது கண். கடல் பச்சை நிறத்தில் ஆள் உயரப் பலகைகள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தரை மட்டும் சொரசொரப்பாக, வழுக்காத ரகம். கழிப்பறைப் பீங்கான் தொட்டி உயரம் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. கதவு வெளிப்பக்கம் திறந்தது. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டாலும் வெளியிலிருந்து திறக்கலாமாம். ஒவ்வொன்றும் சரி. ஒரு குறை சொல்லத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதுதான் பெரிய கோபம்.

மதியம் அப்பாவின் போன் வந்தது.

"என்னம்மா, எப்ப வருவே?"

"சாயங்காலம் ஆயிடும்ப்பா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. ஒரு கையில சாப்பிடறது பழகிடுச்சு. டைல்ஸ் என்ன கலருன்னு சின்னக்குட்டி சொன்னா, கடல் பச்சையாமே?"

"ஆமாம்ப்பா. ஜோரா இருக்கு." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ம்… நீ எப்ப வருவே?"

"இப்பதானே சொன்னேன். சாயங்காலம்."

"சரி சரி. மாப்பிள்ளை அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு, பாத்ரூமைக் காட்ட. நான்தான் இன்னிக்கு எதுக்குன்னேன்…"

போனை வைத்தவளுக்குக் கலர் கேட்டது மட்டும்தான் காதில் நின்றது. சின்னக்குட்டியாம். நாற்பத்தி மூணு வயசில் என்ன குட்டி? தன்னை அவர் 'என்னம்மா' என்பதற்குமேல் ஒரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது சரிதான். கூடவே இருந்தவள் புளித்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ரசமட்டம் கூடத்துக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டார். கையில் ஒரு பெட்டி.

"அம்மா, ஒரு விஷயம். இதைப் பாருங்க."

பெட்டிக்குள் பளபளவென்று வெள்ளைக் கைப்பிடி. இரண்டு முனையிலும் தட்டு அளவுக்குக் கறுப்பு ரப்பர் வட்டம். சுவரில் வைத்து அழுத்தி, கொக்கியை மடக்கினால் காற்றை உறிஞ்சிக் கவ்விக்கொள்ளும். ஸ்க்ரூ கிடையாது, ஓட்டை கிடையாது.

"இதைத்தான் ஐயாவுக்கு ஒட்டச் சொல்றாங்க உங்க தங்கச்சி. டைல்ஸ்ல ஒரு பொட்டு ஓட்டை விழக்கூடாதாம். நான் ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"ஏன், பிடிக்காதா?"

"இன்னிக்குப் பிடிக்கும். நாளைக்கும் பிடிக்கும். என்னிக்கு விடும்னு அதுக்கே தெரியாதும்மா. ஈரம், வெந்நீர் ஆவி, சோப்புத் தண்ணி. மெள்ள மெள்ளக் காத்து இறங்கும். வெளியிலேர்ந்து பார்த்தா ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கும். சும்மா நிக்கறப்ப தொட்டுக்கலாம். உடம்பு பாரத்தைப் போட்டு எழுந்திருக்கறதுக்கு இது ஆகாது."

பெரியவளுக்கு அன்றைக்குக் கம்பி சுவரை விட்டு வந்த சத்தம் அப்படியே காதில் கேட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பித்தான் தெறிக்கிற அளவுக்குத்தான்.

"எங்கிட்ட எஃகுப் பிடி ஒண்ணு வண்டியிலயே இருக்கு" என்றார் ரசமட்டம். "இது செங்கல் சுவர், டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே குழாய் எங்க போகுது, ஒயர் எங்க போகுதுன்னு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டை போடலாம். அரை மணி நேர வேலை. நாலு மணிக்கு நான் கிளம்பணும், நாளைலேர்ந்து வேற வீடு. நீங்க மூத்தவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க."

என் பேச்சைக் கேட்டுவிட்டாலும்! பெரியவள் போனை எடுத்தாள்.

"சொல்லுக்கா, சீக்கிரம். ஆளுங்க நிக்கறாங்க."

"அந்தக் கைப்பிடி வேணாம்டி. ஒட்டறது. ஸ்க்ரூ வச்சதா போடச் சொல்றேன், மேஸ்திரிகிட்டயே இருக்காம்."

"அய்யோ, அவரு உன்னையும் பிடிச்சுட்டாரா? நூத்தி இருபது கிலோ தாங்கும்னு பெட்டியிலயே போட்டிருக்கான்."

"பெட்டியில என்ன வேணா போடுவான்."

"அக்கா, அந்த டைல்ஸுக்கு நான் பதினோரு கடை ஏறி இறங்கியிருக்கேன். அதுல போய் டிரில்லை வைக்கறதா? ஒண்ணு விரிசல் விட்டா ஆள் உயரப் பலகையே போச்சு. இப்ப அதுக்கு என்ன அவசியம்? அப்பா விழுந்தது சோப்புலதானே? அதான் வழுக்காத தரை போட்டாச்சே. கைப்பிடி சும்மா ஒரு தைரியத்துக்கு."

இதோ, இந்த இடம். இங்கே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'சோப்பு இல்லடி, கம்பிதான்.' சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாங்கிக் கொடுத்த பிடி என்ன ஆச்சு? அதற்குப் பதில் பரண் மேல் இருக்கிறது.

"என்னக்கா, இருக்கியா?"

"இருக்கேன். எனக்கென்னவோ வேணாம்னு தோணுச்சு, அதான்."

"உனக்கு என்னவோ இல்ல, என்னன்னு நான் சொல்லட்டுமா?" சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "முதல் நாள்லேர்ந்து பார்க்கறேன். இந்த பாத்ரூமே உனக்குப் பிடிக்கலை. ஏதாவது ஒரு நொட்டை சொல்லியாகணும். உனக்குப் பொறாமைக்கா. தப்பா எடுத்துக்காதே." போனை வைத்துவிட்டாள்.

தப்பா எடுத்துக்காதே! கன்னத்தில் அறைந்துவிட்டு, வலித்ததா என்று கேட்பது இதுதான். காது மடல் இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தன. சொன்னது பொய்யாக இருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

அந்தக் கொதிப்பில் ஒரு நினைப்பு வந்தது. அவளும் மனுஷிதான், வந்துவிட்டது. வாசகர்கள் மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

ஒட்டட்டுமே. ஒரு நாள் கழன்று வரட்டுமே. பெரிதாக ஒன்றும் ஆக வேண்டாம், ஒரு சின்ன சறுக்கல் போதும். 'எங்க வீட்ல பாதுகாப்பு' என்று அப்புறம் இவள் எந்த முகத்தோடு பேசுவாள்? ஒரே வாரத்தில் அப்பா பெட்டியோடு திரும்பி வருவார், வெட்டுத் துணி மூட்டைகளுக்கு நடுவில், அவருடைய இடத்துக்கு.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் ரசமட்டம்.

"ஒட்டிடுங்க" என்றாள் பெரியவள்.

அவர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஆகாத பிடிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஒட்டினார். பெருக்கினார், பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டினார். "இது கிடந்தா வழுக்கும். தரை காஞ்சுடுச்சு, நடக்கலாம். தண்ணி மட்டும் நாளைக் காலை வரைக்கும் விடக்கூடாது" என்றார். டேப்பைப் பிரித்து, கீசர் லைனைப் போட்டு, விளக்கு வைத்த சோதனைக் கருவியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேம்மா" என்றார். அவளிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா தெரியவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. 'இருக்கீங்களா' என்று கேட்கவும் ஆள் இல்லை.

பெரியவள் குளியலறை வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வெள்ளைப் பிடியைப் பார்த்தாள். எழுந்து போய் இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. மேஸ்திரிமார் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள். அப்பா வருவதற்குள் கழற்றி ஒளித்துவிட்டால் என்ன? சின்னவள் தேடி எடுத்து ஒட்டுவாள். அப்பாவிடம் மட்டும் ரகசியமாக, 'அதை நம்பாதீங்க' என்று சொல்லிவிட்டால்? ஏன் என்று கேட்பார். குற்றமுள்ள நெஞ்சுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு 'ஏன்' வந்து நின்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

நாளை வரைக்கும் காத்திருக்க விடவில்லை. ஐந்தரைக்கு மூன்று பேருமாக வந்து இறங்கினார்கள்.

"மெதுவா மாமா, படி இருக்கு" என்று கண்ணாடிக் கடைக்காரர் அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். அப்பாவின் இடது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. சின்னவள் முன்னால் ஓடிக் குளியலறை விளக்கைப் போட்டாள்.

"கண்ணை மூடுங்கப்பா. இப்ப திறங்க!"

"அடேயப்பா" என்றார் அப்பா. "இதுல குளிக்கறதா, குடித்தனம் பண்றதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் உதட்டைப் பிரித்தாள்.

அப்பா தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். தொட்டியின் மூடியை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். "உயரம் சரியா இருக்கு. டிரைவர் சீட்டு மாதிரி."

"எழுந்திருங்கப்பா பார்க்கலாம், அந்தப் பிடியைப் பிடிச்சுக்கிட்டு" என்றாள் சின்னவள்.

அப்பா நல்ல கையான வலது கையை நீட்டினார். விரல்கள் வெள்ளைப் பிடியைச் சுற்றின. உடம்பை முன்னால் சாய்த்துப் பாரத்தைப் போடப் போனார்.

"பிடிக்காதீங்கப்பா!"

யார் கத்தியது என்று பெரியவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அதற்குள் இரண்டு எட்டில் உள்ளே போய் அப்பாவின் தோளை அழுத்திப் பழையபடி உட்காரவைத்திருந்தாள்.

"என்னக்கா இது! நீ கத்தின கத்தலுக்கே விழுந்திருப்பாரு." சின்னவளுக்கு முகம் சிவந்தது. அவள் பிடியை இரண்டு கையாலும் பற்றித் தொங்காத குறையாக இழுத்தாள். "பாரு. நல்லாப் பாரு. அசையுதா? இங்க எது நல்லா இருந்தாலும் உன் கண்ணுக்கு ஆகாது."

பிடி அசையவில்லை. சனியன், ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அது கழன்று வந்திருந்தால் பெரியவள் பிழைத்திருப்பாள். வாயைத் திறக்க வேண்டியிருந்திருக்காது.

"விடும்மா" என்றார் அப்பா. "நான் ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துடறேன்." மறுபடி கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பெரியவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சோப்பு இல்லடி" என்றாள். தங்கையைப் பார்க்காமல் டைல்ஸைப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்ல அப்பா சோப்புல விழலை. துண்டுக் கம்பியைப் பிடிச்சு எழுந்தாரு. அது பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. முதல் நாள் வரைக்கும் அதுவும் இப்படித்தான் நின்னுச்சு."

கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் கேட்டார், மெல்ல, குழப்பமாக.

"துண்டுக் கம்பியா? நான் வாங்கிக் கொடுத்தேனே அண்ணி, எஃகுப் பிடி. நாலு ஸ்க்ரூவோட."

"பரண்ல இருக்கு."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன்?" என்றாள் சின்னவள்.

எவ்வளவோ பொய் கைவசம் இருந்தது. ஆள் கிடைக்கவில்லை, நேரம் இல்லை, மறந்துபோச்சு. ஒன்றையும் எடுக்கத் தெம்பில்லை.

"உன் வீட்டுக்காரர் கொடுத்ததுங்கறதால. எங்க அப்பாவுக்கு நீங்க பண்ணி நான் வாங்கிக்கறதான்னு. நீ போன்ல சொன்னியே, அதுதான். பொறாமை. இந்தப் பிடியை ஒட்டுங்கன்னு இன்னிக்கு மேஸ்திரிகிட்ட சொன்னதும் அதுனாலதான். கழண்டு வந்தா அப்பா திரும்பி வந்துடுவாருன்னு நினைச்சேன்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "அப்பா விழுவாருன்னு தெரிஞ்சே…" என்று ஆரம்பித்தவளுக்கு வாக்கியம் முடியவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இது தெரியுமாப்பா?"

அப்பா மூடியின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். மூத்த மகள் இன்னும் அவர் கையை விடவில்லை.

"கம்பி என் கையிலதானே வந்துச்சு" என்றார். "எனக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் தலையாட்டினீங்க? ஏன் சோப்புன்னு விட்டீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பின்னு சொன்னா மறுநாள் காலையில நீ காரோட வந்து நிப்பே. சோப்புன்னா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவீங்க, நான் பாட்டுக்கு அவ வீட்லயே இருந்துடலாம்னு பார்த்தேன். நீ விட்டியா? சுவரையே இடிச்சுட்டே. இவ்வளவு செலவு பண்ணி இவ்வளவு ஆசையா கட்டறவகிட்ட, நான் வரலைன்னு எப்படிச் சொல்றது?"

பெரியவளுக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. பிடிபட்டு நிற்கிற நேரத்தில், அப்பாவை விழவைத்தவள் என்று நிரூபணமான அதே நிமிஷத்தில், நெஞ்சு குபீரென்று பூரித்தது. அவர் இருக்க ஆசைப்பட்டது தன்னிடம்தான்.

அந்தப் பூரிப்போடு தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தாள். பார்த்ததும் அது அப்படியே வடிந்துபோயிற்று. சின்னவளின் உதடு கோணியிருந்தது, கண் அக்காவின் கையிலும் அப்பாவின் கையிலும் மாறி மாறிப் போய் வந்தது. அந்த முகத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வாரமாக அவளே அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

"ஏங்க" என்றாள் சின்னவள் புருஷனிடம். குரலில் தடுமாற்றமே இல்லை. "மேஸ்திரிக்குப் போன் போடுங்க. நாளைக்கு வேற எந்த வீட்டுக்கும் போக வேண்டாம், இங்க வரணும்னு சொல்லுங்க. டிரில் எடுத்துக்கிட்டு வரட்டும். எத்தனை டைல்ஸ் உடைஞ்சாலும் பரவாயில்ல."

"இப்பவேவா?"

"இப்பவே. அப்பா இன்னிக்கே இங்க தங்கறாரு." பிறகு அக்காவைப் பார்த்தாள். "நீ கிளம்புக்கா. அப்பா துணிமணியை இவர் வந்து எடுத்துக்குவாரு. இனிமே அப்பாவைப் பார்க்கணும்னா எனக்குப் போன் பண்ணிட்டு வா."

பெரியவள் மெதுவாக அப்பாவின் கையை விட்டாள். ஒன்பது வருஷத்தில் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. பதில் சொல்லும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா?" என்றார் அப்பா. "முதல்ல யாராவது ஒரு கை குடுங்க. எழுந்திருக்கணும்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். சின்னவள் அக்காவை முந்திக்கொண்டு இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

அப்பா தன் நல்ல கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.